தாங்க டீச்சர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் தன் செல்போனை உள்ளங்கையில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டதாம். இனித் தேறாது என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டானாம். பஸ் ஏறியதிலிருந்து இதே புலம்பல்.

என் பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் திரும்பினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் சாப்பாட்டுக் கூடை, தோளில் ஒரு பெரிய துணிப்பை.

“அண்ணாச்சி, தேறாதுன்னு முடிவாயிட்டுன்னா அதை எங்கிட்ட தாங்க” என்றார்.

பெரியவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “எதுக்கும்மா?”

“பிள்ளைகளுக்குப் பிரிச்சுக் காட்டணும். நான் ஸ்கூல் டீச்சர்.”

“உள்ள சிம்மு கெடக்கே?”

“சிம்மை நீங்க எடுத்துக்கோங்க. ஒடம்பை மட்டும் தாங்க.”

பஸ்ஸே சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டார். பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் இறங்கும்போது சிம்மைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனை அந்தப் பெண்ணின் கையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முன்பின் தெரியாத ஒரு மனுஷரிடம், அதுவும் பஸ்ஸில், இப்படி ஒருத்தி வாய்விட்டுக் கேட்பாளா! இந்த அம்மாளோடு எந்தக் காலத்திலும் பழக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஹெச்.எம். அதே அம்மாளைக் கூட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தார். புது சயின்ஸ் டீச்சர். என் நாற்காலிக்கு அடுத்த நாற்காலிதான் காலியாக இருந்தது.

அவர் பெயரை எழுதினால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. ‘தாங்க டீச்சர்’ என்றால் தெரியும். பிள்ளைகள் வைத்த பெயர். ஒருநாள் வகுப்புக்குள் நுழையப் போனவர், “ஏலே, தாங்க டீச்சர் வாராவ!” என்று உள்ளே ஒரு குரல் கேட்டதும் வராந்தாவிலேயே நின்று, சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முடிக்கட்டும் என்று நான் காத்து நின்றது நினைவிருக்கிறது. இப்போது அவர் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

“எப்படி டீச்சர் இப்படி வெக்கமில்லாமக் கேக்கீக?” என்று பழக்கம் முற்றிய பிறகு ஒருநாள் கேட்டேன்.

“கேக்கிறது நம்ம பாடு. இல்லைங்கிறது அவிய பாடு. ரெண்டுக்கும் நடுவில வெக்கத்துக்கு என்ன சோலி?” என்றார். சொல்லிவிட்டு, என் டப்பாவிலிருந்த எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்து, “அதுல ஒண்ணு தாங்க” என்றார்.

அவருடைய இந்தக் கேட்கும் குணம் முழுக்கக் குப்பையின் பக்கம் திரும்பியது ஓர் ஆறாம் வகுப்புப் பையனால். பேட்டரிக் கட்டை ஒன்றை உடைத்து, உள்ளே இருந்த கரிக்குச்சியால் பள்ளிச் சுவரில் படம் வரைந்துகொண்டிருந்தான். கையெல்லாம் கறுப்புப் பொடி. மணியடித்ததும் அந்தக் கையோடு சத்துணவுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். டீச்சர் அவனைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டு நகக்கண் வரை தானே தேய்த்துக் கழுவிவிட்டார். பிறகு சாப்பிடவே இல்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வகுப்பில் கேட்டார்: “உங்க வீட்டில, செத்துப்போயும் வெளியே போகாம இருக்கிறது என்னென்ன?”

“எங்க தாத்தா போட்டோ டீச்சர்!” என்றது ஒரு பிள்ளை.

சிரிப்பு அடங்கிய பிறகு, “கரண்டுல ஓடினதைச் சொல்லுங்க” என்றார். வாய்கள் திறந்துகொண்டன. படம் தெரியாத டிவி. சுத்தாத மிக்சி. அம்மாவின் பழைய போன், அப்பாவின் பழைய போன், அக்கா கோபத்தில் தூக்கி எறிந்த போன். பரண் மேலே கம்ப்யூட்டர், கட்டிலுக்கு அடியில் யுபிஎஸ். அரசாங்கம் கொடுத்த காற்றாடி. வாசல் ஓடையில் கிடக்கும் குண்டு பல்பு. அந்த வகுப்பில் பாதி நேரம் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

“இம்புட்டையும் மண்ணுல போட்டா மண்ணு குடிக்கும். மண்ணு குடிச்சதைக் கெணறு குடிக்கும். கெணத்தை நாம குடிப்போம்” என்றார். அவ்வளவுதான் பாடம். மறுநாளிலிருந்து வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகள் எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டும்: “பேட்டரியைத் திறக்க மாட்டேன், டியூப்லைட்டை உடைக்க மாட்டேன், எதையும் கொளுத்த மாட்டேன்.” பக்கத்து வகுப்பில் நான் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கும்போது இந்த முழக்கம் சுவரைத் தாண்டி வரும். என் பிள்ளைகளில் சிலர் செய்யுளை மறந்துவிட்டு இதை ஒப்பித்தார்கள்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் ஆபத்தானதை அவரே எடுத்துத் தனியாகப் பூட்டி வைத்தார். மீதியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். கம்ப்யூட்டர் லேன் வயரில் பெண்பிள்ளைகள் கூடை பின்னினார்கள். சாயம் போகாத, அறுந்து போகாத கூடை. மாந்தோப்பு வைத்திருந்தவர் வீட்டுப் பையன் கிளியை விரட்டப் பழைய சிடிகளைக் கொண்டுபோய் மரத்தில் தொங்கவிட்டான். கிளிகள் முதல் வாரம் பயந்து ஓடியதாகவும், அடுத்த வாரத்திலிருந்து வந்து முகம் பார்த்துவிட்டுப் போவதாகவும் வந்து சொன்னான்.

கீபோர்டுப் பித்தான்களைக் கோத்துப் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதி மாட்டினார்கள். எல்லாம் இங்கிலீஷ். தமிழ் டீச்சரான எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன், தமிழ்ல எழுதக்கூடாதா?” என்று சண்டைக்குப் போனேன்.

“தமிழ்ப் பித்தானுக்கு எங்க போக?” என்று யோசித்தார். “இருங்க, கேட்டுப் பாக்கேன்.”

மூடிக் கிடந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைத் தேடிப் பிடித்து, துருப்பிடித்த தமிழ் டைப்ரைட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து அதை இறக்கும்போது, “இது கரண்டுல ஓடினதே இல்லையே டீச்சர்” என்றேன். “கேட்டேன், தந்தாவ. வேண்டாம்னா சொல்ல முடியும்?” என்றார். அன்று என் வகுப்பில் ஒரே திருவிழா. எந்த எழுத்துக்கும் பித்தான் ஒன்றே ஒன்றுதான், ‘ழ’வுக்கும். எழிலரசிக்கும் தமிழ்ச்செல்விக்கும் அதற்காகத் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் ஒரு வாரம் இவள் பெயரில், மறுவாரம் அவள் பெயரில் என்று பஞ்சாயத்து செய்து வைத்தேன்.

சாமான்கள் பெருகின. சயின்ஸ் லேபுக்குப் பின்னால் இருந்த அறை நிறைந்து, வராந்தாவுக்கு வழிந்தது. ஹெச்.எம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், அவர் கண்ணாடியைக் கழற்றினால் கோபம் என்று அர்த்தம். “டீச்சர், இது பள்ளிக்கூடமா, காயலாங்கடையா?” என்றார். இந்தக் குப்பையை முறையாகப் பிரித்தெடுக்கும் கம்பெனி ஒன்றுக்கு டீச்சர் ஏற்கெனவே போன் செய்திருந்தார். லாரி வர வேண்டுமானால் லாரி நிறையச் சரக்கு வேண்டும், அதுவும் பெட்டிகளில் அடைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் பெட்டிக்குப் பஞ்சமா? காயத்துக்குக் கட்டும் துணியும் பஞ்சும் செய்கிற கம்பெனிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒரு கம்பெனி முதலாளியைப் பார்க்கப் போனோம். துணைக்கு நான். டீச்சர் விஷயத்தைச் சொன்னார். முதலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டு, கணக்கரிடம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார்.

“ரொம்ப சந்தோசம் சார்” என்று எழுந்துவிட்டார் டீச்சர்.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே?”

“இச்செய்யின்னு சொன்னீங்களே சார். குடுத்திருன்னுதான அர்த்தம்? எனக்குத் தெலுங்குல தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தைதான்.”

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெட்டிகளோடு, பழைய பிரிண்டர் இரண்டும் வந்து சேர்ந்தன. கடைசியில் லாரி வந்த அன்று டிரைவர் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, “ஆஸ்பத்திரிச் சரக்கை நான் ஏத்த மாட்டேன்” என்று அடம்பிடித்தது தனிக் கதை.

எங்கே போனாலும் கேட்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “பொண்ணுக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கீங்கள்ல, பழசு என்னாச்சு?” என்பார். சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் கேட்பார். எனக்கு மானம் போகும். ஆனாலும் கூடப் போவேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவரோடு போனால் அன்றைக்கு ஏதாவது நடக்கும்.

ஒருமுறை மட்டும் அவர் கையை நறுக்கென்று கிள்ளினேன். எங்கள் தெருவில் ஒருவர் இறந்து பதினாறாம் நாள். துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். அலமாரி மேலே பழைய ரேடியோ ஒன்று இருந்தது. டீச்சர் கண் அதன் மேல் போவதைப் பார்த்தேன். கிள்ளினேன். அதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது: “அந்த ரேடியோ பாடுதாம்மா?”

இறந்தவரின் மனைவி திரும்பிப் பார்த்தார். “பாடாது டீச்சர். பாடி எவ்வளவோ காலமாச்சு. ஆனா அவிய தெனமும் அதை எறக்கித் தொடைப்பாவ. தொடைச்சுத் தொடைச்சு அந்த நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சு, பாருங்க.”

டீச்சர் எழுந்து போய்ப் பார்த்தார். ஸ்டேஷன் பெயர்கள் எல்லாம் அழிந்து கண்ணாடி பளபளவென்று இருந்தது. தன் முந்தானையால் அதை ஒருமுறை துடைத்தார். “இது குப்பை இல்லம்மா. பத்திரமா வச்சுக்கோங்க” என்றார். அந்த அம்மாள் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைய, அப்போதுதான் அழுதார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் கிளம்பினோம். அடுத்த மாதம் அந்த வீட்டிலிருந்து ஒரு மஞ்சள் பை பள்ளிக்கு வந்தது. உள்ளே ஒரு டார்ச்சும் கால்குலேட்டரும் இரண்டு போன்களும்.

இப்படி எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பேச்சியம்மாள் விஷயம் வரும் வரை.

பேச்சி எட்டாம் வகுப்பு. துடியான பிள்ளை. அவள் அப்பா சோழபுரம் போகிற சாலையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். ஒருநாள் டீச்சர், வயரைக் கொளுத்தினால் வரும் புகை எவ்வளவு கெடுதல் என்று நடத்திக்கொண்டிருந்தார். வழக்கம்போல் கேட்டார்: “உங்க வீட்டுப் பக்கம் யாராவது வயர் கொளுத்துதாங்களா?”

பேச்சிதான் எழுந்தாள். தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட்டார்களே என்ற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்ததாம். “எங்கப்பா கொளுத்துவாவ டீச்சர். மேல உள்ளதெல்லாம் எரிஞ்சு, செம்பு மட்டும் தனியா வந்துரும்.”

பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்தினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. டீச்சர் அதட்டி அடக்குவதற்குள் வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சாயங்காலம் பேச்சி வீட்டுக்குப் போய், “நீங்க வெசத்தைக் கொளுத்துதீங்கப்பா” என்று சொல்லிவிட்டு ஒரு மூலையில் படுத்துக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும்.

மூன்றாம் நாள் அவள் அப்பா வந்தார். நல்ல உயரம். கை முழுக்க இரும்பு கிழித்த தழும்பு. ஹெச்.எம். அறையில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“நான் களவா எடுக்கேன்? ஊரு தூக்கிப் போட்டதைக் காசு குடுத்து வாங்குதேன். எம்மவ மொகத்துக்கு நேரா மூக்கைப் பொத்துதாங்களாம். டிசியைக் குடுங்க. இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம்.”

ஹெச்.எம். கெஞ்சாத குறையாகச் சமாதானம் சொல்லி ஒரு வாரம் தவணை வாங்கினார். டீச்சர் சுவரோரம் நின்றார். அந்த வாய் அப்படி மூடி நான் பார்த்ததில்லை.

ஆசிரியர் அறையில் வந்து உட்கார்ந்ததும், “சாமானைக் கேட்டுக் கேட்டு, எதைக் கேக்கணும் எதைக் கேக்கக்கூடாதுங்கிற நெதானம் போயிட்டு எனக்கு. ஒரு பிள்ளைய எழுப்பி விட்டு, அவ வீட்டுச் சோத்தைக் கேட்டுட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. துணிப்பை வெறுமையாகத் தொங்கியது. ஊறுகாய் கூடக் கேட்கவில்லை. நானாக எடுத்து வைத்தால் தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார். எனக்கு அது சகிக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் மட்டும் ஒன்று சொன்னார். “அவிய கொளுத்துத வயர் எங்க இருந்து வருது? உங்க வீட்டுல இருந்து, எங்க வீட்டுல இருந்து. மூக்கைப் பொத்துததுன்னா நம்ம வீட்டு வாசல்ல நின்னு பொத்தணும்.” பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூக்கைப் பொத்திய முதல் பிள்ளை அழுதுவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். முன்னால் கடை, பின்னால் வீடு. அதற்கும் பின்னால் கருகிய ஒரு வட்டம். பேச்சியின் அப்பா வாங்க என்று சொல்லவில்லை. அம்மாதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கதவுக்குப் பின்னால் பாவாடை நுனி தெரிந்தது.

“அண்ணாச்சி” என்றார் டீச்சர். “நடு வகுப்புல வச்சுப் பிள்ளைகிட்ட அப்படிக் கேட்டது என் தப்பு. மன்னிச்சுக்கோங்க.”

அவர் இரும்புத் துண்டுகளை ஒதுக்கத் தொடங்கினார். டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். “ஒண்ணு கேக்கலாமா?”

“தெரியும். கொளுத்தாதேம்பீக.”

“இல்ல. அந்தக் கத்தியையும் நாலு வயரையும் தாங்க. செத்த நேரம் உரிச்சுப் பாக்கேன்.”

அவர் ஒரு கணம் முறைத்துவிட்டு, கத்தியையும் ஒரு சுருள் கேபிளையும் எடுத்து வைத்தார். டீச்சர் சாக்கை விரித்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், வேறு வழி? கத்தி வழுக்கியது. ரப்பர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு முழம் உரிப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. டீச்சர் கட்டைவிரலில் வெட்டிக்கொண்டார். வாயில் வைத்துச் சூப்பிவிட்டு மறுபடியும் உரித்தார்.

பேச்சியின் அப்பாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சிரித்துவிட்டார். “இந்த வேகத்துல உரிச்சீகன்னா எம்மவ கல்யாணத்துக்குத்தான் தேறும்!” பிறகு பக்கத்தில் குத்தவைத்தார். “கொளுத்துனா செம்பு கருத்துப்போகும் டீச்சர். வெலையும் கொறையும். எனக்குத் தெரியாதா? ராத்திரிக்கு எனக்கும்தான் நெஞ்சு இழுக்கு. ஆனா உரிக்கதுக்கு நேரம் யாரு தருவா?”

டீச்சர் மறுபடியும் கேபிளின் மேல் கத்தியை ஓட்டினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “கத்தியை ஏன் டீச்சர் ஆட்டுதீக? அருவாமணையில கத்தியா நகருது? காய்தான நகருது.”

எல்லோரும் திரும்பினோம். பேச்சி சமையலறைக்குள் ஓடி அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா “ஏட்டி, ஏட்டி” என்று பின்னாலேயே ஓடிவந்தார். அவள் அப்பா அதை வாங்கிக் காலால் அழுத்திக்கொண்டு, கேபிளை அதன் மேல் வைத்துத் தன் பக்கம் இழுத்தார். ரப்பர் சர்ரென்று பிளந்தது. இரண்டு முழம் நேராக வந்து, பிறகு கோணிப் போய் வழுக்கியது.

“அது நேரா வரதுக்கு ஒரு வழி வேணும்” என்றார் அவர்.

“ரெண்டு பக்கமும் அணை குடுத்தா?” என்றாள் பேச்சி.

டீச்சர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. யாரிடமோ எதையோ கேட்கப் போகிறார்!

ஒரு மில் ஒர்க்‌ஷாப்பின் ஃபிட்டரிடம் கேட்டார். பழைய பேரிங் இரண்டை அணையாக வைத்து, நடுவில் பிளேடைப் பொருத்தி, கை உள்ளே போகாதபடி தகட்டு மூடி போட்டு அவர் செய்து கொடுத்தார். படம் வரைந்தது பேச்சி. மூடியைப் பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்று ஃபிட்டர் உயிரை வாங்கியது டீச்சர்.

கருப்புக் கேபிள் ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் பனங்கிழங்கு உரித்த மாதிரி வந்தது. உள்ளே செம்பு புதுசாக மின்னியது. பேச்சியின் அப்பா ஒரு சுருள் முழுவதையும் இழுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். மெல்லிய வயர்கள் மட்டும் அதில் அறுந்து போயின. அவற்றை ஒரு சாக்கில் அள்ளிப் போட்டு, “இது உங்க லாரிக்கு” என்றார். கொளுத்துவதை அன்றோடு விட்டுவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு சாயங்காலம் அந்தப் பக்கம் புகை தெரிந்தது. அந்த வருஷம் மழை பெய்து, கருகிய வட்டத்தில் புல் முளைத்தபோது அந்த வீட்டார் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். பேச்சி திங்கட்கிழமையே பள்ளிக்கு வந்துவிட்டாள். டிசி பற்றி யாரும் பேசவில்லை.

அந்த ஆண்டு அறிவியல் கண்காட்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் நடந்தது. எங்களிடமிருந்து இரண்டு போயின. ஒன்று பேச்சியின் உரிக்கும் மெஷின். இன்னொன்று ஒரு நாய். எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட வெள்ளை இராஜபாளையம் நாய்தான், நிஜ அளவு. வெள்ளைக் கீபோர்டுப் பித்தான்களை உடம்பெல்லாம் ஒட்டி, மௌஸ் ஓடுகளில் காது வைத்து, டெலிபோன் ரிசீவரின் சுருள் வயரில் வாலும் வைத்திருந்தார்கள். டிவிடி மோட்டார் ஒன்று அந்த வாலை ஆட்டும். கூட்டமெல்லாம் நாயைச் சுற்றி. மெஷின் பக்கம் ஓரிருவர்தான் வந்தார்கள்.

பதினொரு மணிக்குப் பேச்சியின் அப்பா வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மகள் பக்கம் போகாமல் தூணோரமாக நின்றார். யாரோ இருவர் வந்து மெஷினைப் பார்த்துவிட்டு நகரப் போனார்கள். பேச்சி விடவில்லை. “செத்த நேரம் நில்லுங்க சார், ஒரு வயர் மட்டும் பாத்துட்டுப் போங்க” என்றாள். டீச்சர் மூடியைப் பிடித்துக்கொள்ள, கேபிளை இழுத்தாள். பார்த்தவர்களில் ஒருவர் உள்ளூர் இரும்புக் கடைக்காரர். மெஷினைக் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து பார்த்தார். “இது எங்க கெடைக்கும்?” என்றார்.

தூணோரம் நின்றவர் அப்போதுதான் முன்னால் வந்தார். “கடையில கெடைக்காது. எம்மவ செஞ்சது” என்றார். பேச்சி அப்பாவைப் பார்க்காமல் வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பரிசு ராக்கெட் விட்ட பள்ளிக்குப் போனது. எங்களுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் முகம் தொங்கிப் போய்ச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

“நாயெல்லாம் ஏத்த முடியாது டீச்சர்.”

“இது நாய் இல்ல தம்பி, கம்ப்யூட்டர்” என்றார் டீச்சர்.

“கம்ப்யூட்டர்னா லக்கேஜ் போடணும்.”

“அப்போ நாயின்னே வச்சுக்கோங்க. நாய்க்கு அரை டிக்கெட் தாங்க.”

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், கண்டக்டரைத் தவிர. அப்போது பின்னால் ஆரன் கேட்டது. பேச்சியின் அப்பா தன் லோடு ஆட்டோவோடு வந்து நின்றார். “சாமானை இதுல ஏத்துங்க டீச்சர்” என்றார். நாயும் மெஷினும் பின்னால் ஏறின. பேச்சி முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளை ஒட்டி டீச்சரும் ஏறி உட்கார்ந்தார்.

“டீச்சர், உங்க வீடு இங்கதான இருக்கு? நீங்க எதுக்கு எங்க ஊருக்கு?” என்றேன்.

“பள்ளிக்கூடத்துல எறக்கி வச்சாத்தான எனக்கு உறக்கம் வரும். எறக்கிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிக்கிடுதேன்” என்றார்.

நான் மற்றப் பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏறினேன். ஊரைத் தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கத்தினார்கள். எட்டிப் பார்த்தேன். எங்களை முந்திக்கொண்டு லோடு ஆட்டோ போனது. குலுங்கிய குலுக்கலில் சுவிட்சு எப்படியோ விழுந்துவிட்டது போல. நாய் வாலை ஆட்டிக்கொண்டே நின்றது. ரோட்டோரத்து நாய்கள் குரைத்துக்கொண்டு பின்னால் ஓடின. முன் சீட்டில் மூன்று பேரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சி அப்பாவின் கைக்கு மேலாக எட்டி ஆரனை அடித்தாள்.